பின்காலனியக் கதைகளில் பெண்: பெண்ணிய வாசிப்பு எங்கே தொடங்குகிறது

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு நீதிமன்றம். கொலை முயற்சி வழக்கில் கணவன் கூண்டில் நிற்கிறான். மனைவி சாட்சி சொல்ல வருகிறாள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது என்று வழக்கறிஞர் கேட்கிறார். கணவர்தான் என்கிறாள். கொஞ்சம் துருவியதும் உண்மை வெளியே வருகிறது: பணம் அவள் வியாபாரம் செய்து சம்பாதித்தது. பிறகு ஏன் அவர் கட்டுகிறார் என்று சொன்னாய்? அவளுக்கு இதில் குழப்பமே இல்லை. அவர் குடும்பத் தலைவர். வானத்துக் கடவுளுக்கு நாமெல்லாம் சொந்தம் என்பதுபோல நான் அவருக்குச் சொந்தம். ஆகவே நான் கட்டினாலும் அது அவர் கட்டியதுதான்.

புச்சி எமெசெட்டா 1979-இல் வெளியிட்ட 'த ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' நாவலில் வரும் காட்சி இது. தலைப்புக்குத் 'தாய்மையின் இன்பங்கள்' என்று பொருள். சாட்சி சொல்பவள் நூ ஈகோ என்ற இக்போ இனப் பெண். இந்தக் காட்சியைப் படித்ததும் 'பாவம், அறியாத பெண்' என்று தோன்றினால், அந்த இடத்திலேயே கொஞ்சம் நின்றுகொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் நீதிமன்றத்துக்குத் தெரிந்த உடைமை ஒன்று: யார் சம்பாதித்தாரோ அவர் பணம். ஊர் மரபுக்குத் தெரிந்த உடைமை வேறு: பெண்ணும் அவள் உழைப்பும் கணவனுக்கு. இரண்டுக்கும் நடுவில் நின்று, 'இது என் உழைப்பு, என் பணம்' என்று சொல்ல அவளுக்கு ஒரு மொழி இல்லை. அவள் எந்த மொழியில் பேசினாலும் அது வேறு யாருக்கோ பயன்படுகிறது. இந்தச் சிக்கலைப் பார்க்கக் கற்றுத்தருவதுதான் பின்காலனியப் பெண்ணிய வாசிப்பு.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஐரோப்பிய வல்லரசுகள் ஆண்ட நாடுகளிலிருந்து, அந்த ஆட்சியின் தடங்கள் வாழ்க்கையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க எழுதப்பட்ட கதைகளும் நாவல்களும் பின்காலனியப் புனைவு. 'பின்' என்ற முன்னொட்டுக்கு 'முடிந்துபோனது' என்று பொருள் கொள்ள வேண்டாம். கொடி இறங்கிய பிறகும் சட்டம், பள்ளி, சம்பளம், மொழி எல்லாம் அப்படியே தங்கிவிடுகின்றன. பெண்ணிய வாசிப்பு என்றால் பெண்களைப் பற்றிய புத்தகங்களைப் படிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பனுவல் ஆண், பெண் என்ற வேறுபாட்டை வைத்து அதிகாரத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று கேட்கும் வாசிப்பு அது. பெண்ணே வராத நாவலையும் அப்படி வாசிக்கலாம்.

இந்த இரண்டும் சேரும் இடத்தில் அடிக்கடி கேட்கும் சொல் 'இரட்டைக் காலனியம்'. கிர்ஸ்டன் ஹோல்ஸ்ட் பீட்டர்சனும் அன்னா ரதர்ஃபோர்டும் 1986-இல் தொகுத்த நூல் ஒன்று இதைப் பரவலாக்கியது. காலனி நாட்டுப் பெண் வெளியிலிருந்து வந்த அரசுக்கும் வீட்டு ஆணுக்கும் ஒரே நேரத்தில் அடிமைப்படுகிறாள் என்பது அதன் சாரம். பயனுள்ள சொல்தான். ஆனால் பலர் இதை ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டல் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் வாசிப்பு மொட்டையாகிறது. காலனி ஆட்சி ஏற்கெனவே இருந்த ஆணாதிக்கத்தின் மேல் வந்து அமர்ந்ததோடு நிற்கவில்லை, அதன் வடிவத்தையே மாற்றியது.

இக்போ பெண்களையே எடுத்துக்கொள்வோம். அவர்களுக்குச் சொந்தக் கூட்டங்கள் இருந்தன, சந்தை வலைப்பின்னல் இருந்தது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் ஆணின் வீட்டு முற்றத்தில் பெண்கள் திரண்டு, அவன் குற்றத்தைப் பாட்டாகப் பாடி, அவன் பணிந்து வரும்வரை விடாமல் இருக்கும் வழக்கம் இருந்தது. 'ஆண்மேல் உட்காருதல்' என்று அதற்குப் பெயர். பிரிட்டிஷ் நிர்வாகம் தனக்கு வசதியாக ஆண்களை மட்டும் அதிகாரப்பூர்வத் தலைவர்களாக நியமித்தது. பெண்களின் கூட்டங்களை அது கண்டுகொள்ளவே இல்லை. பெண்கள்மீதும் வரி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது 1929-இல் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். அரசுப் படை சுட்டதில் சுமார் 50 பெண்கள் இறந்தார்கள். இந்த வரலாறு தெரிந்தால் நூ ஈகோவின் லாகோஸ் வாழ்க்கை வேறு மாதிரி தெரியும். கிராமத்தில் நிலமும் சந்தையும் சகபெண்களும் இருந்தன. நகரத்தில் சம்பளம் கணவன் கையில், அவனோ வெள்ளைக்காரத் தம்பதியின் துணி துவைப்பவன். எசமானியம்மாவின் உள்ளாடையைத் துவைக்கும் ஆண் என்ன ஆண் என்று அவள் மனம் குமைகிறது. பக்கத்து வீட்டுச் சமையற்காரரின் மனைவி கார்டீலியா அவளுக்கு ஒன்று சொல்கிறாள்: இங்கே ஆண்கள் எல்லாரும் அடிமைகள், அவர்களுடைய ஆண்மையைப் பறித்துக்கொண்டார்கள், அது அவர்களுக்கே தெரியவில்லை. அந்த அடிமையிடம் அடங்கிப் போக வேண்டியவள் மனைவி. 'பழைய மரபின் கொடுமை' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும் பலவும் காலனி காலத்தில் உருவான புது ஏற்பாடுகள். கதையில் ஒரு வழக்கத்தைப் பார்த்ததும், இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்கப் பழகுங்கள்.

அடுத்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, ஆள வந்தவர்களும் அவர்களை எதிர்த்தவர்களும் பெண்ணைச் சான்றுப் பொருளாக்கிய கதை. இறந்த கணவனின் சிதையில் மனைவியையும் எரிக்கும் சதி வழக்கம் 1829-இல் தடை செய்யப்பட்டது. அது நல்ல சட்டமே. ஆனால் அதைச் சுற்றி நடந்த விவாதங்களை ஆராய்ந்த லதா மணி ஒன்றைக் கவனித்தார்: சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று அதிகாரிகள் வாதிட்டார்கள், பண்டிதர்கள் வாதிட்டார்கள், சீர்திருத்தக்காரர்கள் வாதிட்டார்கள். எரிக்கப்பட்ட பெண் அந்த விவாதத்தின் களமாக இருந்தாளே தவிர, அதில் பேசுபவளாக இல்லை. எகிப்தை நிர்வகித்த கிரோமர் பிரபு, முகத்திரையைக் காட்டி அந்தச் சமூகத்தையே பின்தங்கியது என்றார். அதே காலத்தில் பள்ளிக் கட்டணத்தை உயர்த்தி எகிப்தியப் பெண் பிள்ளைகளின் படிப்பைக் குறுக்கினார். இங்கிலாந்து திரும்பியபின் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற அமைப்புக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்க எழுத்தாளர் கேதரின் மேயோ 1927-இல் எழுதிய நூல், இந்தியப் பெண்களின் துயரத்தைக் காட்டி இந்தியர்களுக்குத் தன்னாட்சிக்குத் தகுதியில்லை என்று வாதிட்டது.

மறுபக்கமும் தூய்மையாக இல்லை. 1891-இல் சிறுமிகள் உடலுறவுக்கு இசைவு தரக்கூடிய வயதை 10-இலிருந்து 12-ஆக உயர்த்தும் சட்டம் வந்தபோது, அந்நியன் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறான் என்று திலகர் போன்றவர்கள் எதிர்த்தார்கள். இந்த மனநிலையை ஆய்வாளர் பார்த்தா சட்டர்ஜி வீடு, வெளி என்ற பிரிவினையாக விளக்கினார். வெளியில் மேற்கு ஜெயித்துவிட்டது, வீட்டுக்குள் நம் ஆன்மா பத்திரமாக இருக்கிறது, அதற்குக் காவல் பெண். ஆண் கோட்டும் சூட்டும் போடலாம், பெண் மாறக் கூடாது. தேசத்தைத் தாயாக வணங்கும் பல நாவல்களின் அடியில் இந்தக் காவல் வேலை ஒளிந்திருக்கிறது. அப்படி ஒரு நாவல் கையில் கிடைத்தால், அதில் வரும் உண்மையான தாய்மார்கள் எப்போது சாப்பிடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் தேடிப் பாருங்கள். நிறைய தெரியவரும்.

இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் 1988-இல் வெளியான 'விளிம்புநிலையினர் பேச முடியுமா?' என்ற தன் கட்டுரையில், வெள்ளை ஆண்கள் பழுப்பு ஆண்களிடமிருந்து பழுப்புப் பெண்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று காலனி ஆட்சியின் பேச்சை ஒரே வாக்கியத்தில் சுருக்கினார். அந்த வாக்கியத்தில் செயல்படுபவர்கள் ஆண்கள், பெண் செயப்படுபொருள்.

இனி வாசிக்கும் முறை. முழு நாவலையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். 10 முதல் 15 பக்கம் வரும் ஓர் அத்தியாயமோ ஒரு சிறுகதையோ போதும். மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை கதைக்காக மட்டும், பென்சிலைத் தொடாமல். இரண்டாம் முறை பென்சிலோடு நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: பெயர், பேச்சு, பணம், உடல். மூன்றாம் முறை, அங்கே இல்லாததைத் தேடுங்கள்.

பெயரிலிருந்து தொடங்குவது எளிது. ஜீன் ரீஸ் 1966-இல் எழுதிய 'வைட் சர்காசோ சீ' நாவல், 1847-இல் வந்த 'ஜேன் அயர்' நாவலின் மாடியறையில் அடைபட்டிருக்கும் பைத்தியக்கார மனைவிக்கு ஒரு கடந்தகாலம் தருகிறது. கரீபியனில் பிறந்த அவள் பெயர் ஆன்ட்வனெட். இங்கிலாந்திலிருந்து வந்த கணவன் அவளை பெர்த்தா என்று கூப்பிடத் தொடங்குகிறான். அது என் பெயரில்லை, வேறு பெயரில் கூப்பிட்டு என்னை வேறு ஆளாக்கப் பார்க்கிறாய் என்கிறாள் அவள். பெயரை மாற்றுகிறவனுக்கோ நாவல் முழுக்கப் பெயரே இல்லை. இது ரீஸ் தெரிந்தே எடுத்த முடிவு என்றுதான் நான் வாசிக்கிறேன்: பெயர் சூட்டும் அதிகாரத்தை அவனிடமிருந்து நாவல் பறித்துக்கொள்கிறது.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் 1958-ஆம் ஆண்டு நாவல் 'திங்ஸ் ஃபால் அபார்ட்'. தமிழில் 'சிதைவுகள்' என்று வந்திருக்கிறது. அதில் நாயகன் ஒகோன்க்வோவுக்கு மூன்று மனைவியர். இரண்டாமவள் எக்வெஃபி, மூன்றாமவள் ஓஜியூகோ. முதல் மனைவிக்குப் பெயர் இல்லை. 'நுவோயேவின் தாய்' என்றே வருகிறாள். முதல் வாசிப்பில் இது கண்ணில் படாது. பெயர்களுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டே வந்தால்தான் தட்டுப்படும்.

இதே நாவலில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஊரெங்கும் அமைதி வாரம். ஓஜியூகோ தலை பின்னிக்கொள்ளப் போய், சமைக்க நேரத்துக்கு வரவில்லை. ஒகோன்க்வோ அவளை அடிக்கிறான். ஊர் அவனுக்கு அபராதம் போடுகிறது: ஒரு பெண் ஆடு, ஒரு கோழி, ஒரு துண்டுத் துணி, நூறு சோழி. அபராதம் யாருக்குப் போகிறது? பூமித் தெய்வத்தின் சந்நிதிக்கு. குற்றம் அமைதி வாரத்தைக் குலைத்தது. அடிபட்டவளுக்கு அதில் ஒரு சோழிகூட இல்லை. வேறொரு வாரம் அடித்திருந்தால் அபராதமே இருந்திருக்காது. பின்னால் வரும் ஒரு பஞ்சாயத்தில், மனைவியை அடித்த சின்ன விஷயம் எதற்காக முன்னோர் ஆவிகளாக முகமூடி அணிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லும் மன்றத்துக்கு வருகிறது என்று ஒரு பெரியவர் வியக்கிறார்.

இப்போது கடினமான கேள்வி: நாவல் இந்த அநீதியைக் காட்டுகிறதா, தானும் அதில் பங்குகொள்கிறதா? அவசரப்பட வேண்டாம். அதே நாவலில் பூசாரிப் பெண் சியெலோவின் கட்டளைக்கு முன் ஒகோன்க்வோ கெஞ்சி நிற்கிறான். அறியாமல் செய்த கொலையை ஊர் 'பெண் குற்றம்' என்று வகைப்படுத்துகிறது. அதற்காக அவன் போய்த் தஞ்சமடைவது தாயின் ஊரில், 7 ஆண்டுகள். பெண் என்பதைப் பலவீனத்தின் பெயராக மட்டும் பார்த்தவன் அதன் கையிலேயே போய் விழுகிறான். என் கணிப்பில், ஒகோன்க்வோவின் பார்வையைவிட நாவலின் பார்வை அகலமானது. ஆனால் இக்போ பெண்களின் கூட்டு அதிகாரம் இந்த நாவலில் நிழலாகவே நின்றுவிடுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லலாம். எழுத்தாளர் நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பு இங்கே தேவையில்லை.

பேச்சைக் குறிக்கும்போது யார் எவ்வளவு பேசுகிறார் என்று வரிகளை எண்ணிப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், யாருடைய மனத்துக்குள் நாம் போக முடிகிறது என்பது. நிறையப் பேசும் பெண்ணின் உள்ளம் மூடியே இருக்கலாம். பேசாதவளே கதைசொல்லியாக இருக்கலாம்.

பணத்தைப் பின்தொடர்வது பலர் தவறவிடும் வழி, எனக்கு மிகவும் நம்பகமான வழி. ஆன்ட்வனெட்டின் சீதனம் முப்பதாயிரம் பவுன். எந்த நிபந்தனையும் இல்லாமல் அது கணவன் கைக்குப் போகிறது; அவளுக்கென்று எதுவும் ஒதுக்கப்படவில்லை. அக்காலத்து ஆங்கிலச் சட்டம் அப்படி. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை அங்கே 1882-ஆம் ஆண்டுச் சட்டம்தான் தெளிவாகத் தந்தது. ஆக அவளைச் சிறைப்படுத்தியது கரீபியன் மரபு இல்லை, லண்டன் சட்டப் புத்தகம். சிட்சி டங்கரெம்பா 1988-இல் வெளியிட்ட 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவல் அன்றைய ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், நடக்கிறது. அதில் வரும் மாய்குரு இங்கிலாந்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள். படித்திருக்கிறாள் என்ற செய்தியே குடும்பத்தில் பலருக்குத் தெரியாது. அவள் சம்பளம் கணவர் பாபாமுகுருவின் பெருந்தன்மைக்குள் கரைகிறது. அவர் படிக்க வைத்தார், அவர் சோறு போட்டார் என்று உறவினர்கள் கும்பிடுகிறார்கள். லாகோஸ் நீதிமன்றத்தில் நூ ஈகோ சொன்னதும் இங்கே நடப்பதும் ஒன்றே. ஒருத்திக்கு எழுத்தறிவு இல்லை, இன்னொருத்திக்கு முதுகலைப் பட்டம் இருக்கிறது. கல்வி வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கலாம்.

உடல் என்று குறிக்கும்போது வன்முறையை மட்டும் தேட வேண்டாம். உணவு, தூக்கம், உடை, நோய், நடக்கும் விதம், உட்கார அனுமதிக்கப்பட்ட இடம் எல்லாம் உடல்தான். அதே நாவலில் பாபாமுகுருவின் மகள் நியாஷா. இங்கிலாந்தில் வளர்ந்து திரும்பியவள். அப்பா தட்டில் வைத்ததைத் தின்றே தீர வேண்டும் என்கிறார். அவள் தின்றுவிட்டுப் போய் வாந்தி எடுக்கிறாள். உடல் மெலிந்துகொண்டே போகிறது. ஒரு நாள் வரலாற்றுப் பாடநூலைப் பல்லால் கிழிக்கிறாள், அது அவர்களுடைய வரலாறு, பொய் என்று கத்துகிறாள். வெள்ளை மனநல மருத்துவரிடம் காட்டினால், ஆப்பிரிக்கர்களுக்கு இந்த மாதிரி நோய் வராது, பெண் நடிக்கிறாள் என்கிறார். தந்தை ஊட்டிய உணவும் காலனிப் பள்ளி ஊட்டிய பாடமும் ஒரே வாயில் நுழைகின்றன, இரண்டையும் அந்த உடல் வெளியே தள்ளுகிறது. இதை 'உணவுக் கோளாறு' என்று மட்டும் படித்தால் பாதி போய்விடும். 'அப்பாவின் கொடுமை' என்று மட்டும் படித்தாலும் பாதி போய்விடும்.

மூன்றாம் வாசிப்பு, இல்லாததைத் தேடுவது. 'வைட் சர்காசோ சீ' நாவலில் கிறிஸ்டோஃபின் என்ற கறுப்பினப் பணிப்பெண் கணவனை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கிறாள். நாவலிலேயே துணிச்சலான குரல் அவளுடையது. பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்துபோகிறாள், கதை அவளைத் தொடர்வதில்லை. ஆன்ட்வனெட்டுக்கு வாழ்க்கை தந்த நாவல் இவளுக்கு ஒரு வெளியேறும் வாசலை மட்டும் தருகிறது. 1985-இல் ஸ்பிவாக் சுட்டிக்காட்டியது இதைத்தான். ஒரு பெண்ணை மீட்கும் கதை இன்னொரு பெண்ணை ஓரத்தில் விட்டுவிடலாம். ஆகவே எந்தப் பெண்ணுக்காக எந்தப் பெண் வேலை செய்கிறாள் என்று ஒவ்வொரு கதையிலும் கேளுங்கள்.

எதிர்ப்புக்கு வருவோம். தொடக்க வாசகர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு பக்கம், வீட்டைவிட்டு வெளியேறினால்தான் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மறுபக்கம், பெண் செய்கிற எதுவும் எதிர்ப்பே என்று கொண்டாடிவிடுகிறார்கள். இரண்டுமே கதையைப் பார்க்க விடாது. ஒரு செயலை எதிர்ப்பு என்று சொல்லுமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அது எதை மறுத்தது, அதற்கு என்ன விலை, விலையை யார் கொடுத்தார்கள்.

'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவலின் கதைசொல்லி தம்பு. பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழும் அவளுடைய பெற்றோருக்கு முறைப்படி கிறிஸ்தவத் திருமணம் நடக்க வேண்டும் என்று பெரியப்பா பாபாமுகுரு முடிவு செய்கிறார். தன் பிறப்பையே கேலிக்கூத்தாக்கும் சடங்காக அது தம்புவுக்குப் படுகிறது. ஆனால் படிப்புச் செலவு செய்பவரிடம் எப்படி மறுத்துப் பேசுவது? திருமண நாள் காலையில் அவளால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. வாய் சொல்லத் துணியாததை உடல் சொல்கிறது. தண்டனை 15 அடி, அதோடு இரண்டு வாரம் வீட்டுப் பணிப்பெண்ணின் வேலை. அவள் அதை அமைதியாக ஏற்றுக்கொள்கிறாள். இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தால்தான் எதிர்ப்பின் எடை தெரியும். மாய்குரு ஒருநாள் பொறுக்க முடியாமல் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போகிறாள், ஐந்தே நாளில் திரும்புகிறாள். தோற்றுவிட்டாளா? போய்வந்த பிறகு வீட்டில் அவள் பேசும் தொனி மாறியிருக்கிறது. திரும்பி வந்ததை மறைக்காமல், மாறிய தொனியையும் விடாமல் எழுதுங்கள்.

மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையை இந்த வரிசையில் தனியாக வைக்க வேண்டும். 1971-இன் வங்காளம், நக்சல் வேட்டை. தேடப்படும் சந்தால் பழங்குடிப் பெண்ணின் பெயர் பற்றி இரண்டு காவலர்கள் குழம்பிப் பேசுவதில் கதை தொடங்குகிறது. பட்டியலில் திரௌபதி, அவள் இன மக்கள் நாவில் தோப்தி. இதிகாசப் பெயர் பண்ணைக்காரர் வீட்டு அம்மா வைத்தது. பிடிபட்ட பிறகு ராணுவ அதிகாரி சேனாநாயக்கின் உத்தரவில் அவள் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகிறாள். மறுநாள் அதிகாரிமுன் வரச்சொல்லி உடை கொடுக்கிறார்கள். அவள் உடையைக் கிழித்தெறிந்துவிட்டு, காயங்களோடு நிர்வாணமாக அவன் முன் வந்து நிற்கிறாள். இங்கே வெட்கப்பட ஓர் ஆண் இல்லை என்கிறாள். ஆயுதமில்லாத ஓர் இலக்கைக் கண்டு சேனாநாயக் முதன்முறையாகப் பயப்படுகிறான். மகாபாரதத்தில் துகில் வளர்ந்துகொண்டே போகக் கண்ணன் இருந்தான். இங்கே யாரும் வரவில்லை. துணி மானத்தைக் காக்கும் என்ற கணக்கையே அவள் ஏற்க மறுக்கிறாள். ஆனால் இதை 'வெற்றி' என்று முடித்துவிடாதீர்கள். அடுத்த நிமிடம் அவளுக்கு என்ன ஆகும் என்று கதை சொல்லவில்லை.

தமிழில் வாசிப்பவர்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு, சாதி. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் ஒரு ராஜஸ்தான் கூட்டுக் குடும்பம். பெரிய வீட்டில் சமையலறை மட்டும் இருட்டு மூலை. மருமகள் மீனாட்சி வராந்தாவை அகலப்படுத்திப் பாத்திரம் கழுவத் தொட்டி கட்டலாம் என்கிறாள். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. வராந்தாவில் கயிறு கட்டித் துணி உலர்த்துகிறார்கள், சமையலறையிலிருந்து தெரிந்த மலை மறைகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு கயிறு போதுமாக இருந்தது. அதன் பக்கத்தில் 1994-இல் வந்த பாமாவின் 'சங்கதி'யை வையுங்கள். அங்கே வரும் தலித் பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் இல்லை. காட்டில், கூலி வேலையில், பண்ணையாரின் கண்ணெதிரே நாள் முழுக்க நிற்பவர்கள். ராக்கம்மா அடிக்க வரும் புருஷனை நடுத்தெருவில் காது கூசும் வார்த்தைகளால் ஏசுகிறாள். நாகரிகமில்லை என்று முகம் சுளிக்கலாம். அப்படிக் கத்தாவிட்டால் அவன் அடித்தே கொன்றிருப்பான் என்பதைக் கதைசொல்லி உணர்கிறாள். முதல் கதையில் விடுதலை சமையலறைக்கு வெளியே தெரியும் மலை. இரண்டாவதில் வெளி என்பதே ஆபத்து. 'வீட்டைவிட்டு வெளியே வா' என்ற ஒரே அறிவுரை இரண்டு பெண்களுக்கும் பொருந்தாது.

சந்திரா தல்பதே மொஹந்தி 1984-இல் எழுதிய கட்டுரையின் வாதம் இதற்கு நெருக்கமானது. மேற்கத்தியப் பெண்ணிய எழுத்துகள் பலவும் 'மூன்றாம் உலகப் பெண்' என்று ஒரே அச்சில் ஒருத்தியை வார்க்கின்றன: ஏழை, படிக்காதவள், மரபில் கட்டுண்டவள், பலியானவள். அந்த அச்சை நம் ஊரிலும் செய்கிறோம். 'தமிழ்ப் பெண்' என்று தொடங்கும் வாக்கியம் எழுதினால், எந்தச் சாதி, எந்த வர்க்கம், எந்த மதம், எந்த ஆண்டு என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

மற்ற தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். கதைச் சுருக்கத்தை எழுதிவிட்டு வாசிப்பு என்று நினைப்பது முதலாவது. கொடுமைக்கார மாமியாரை வில்லியாக்கிவிட்டுப் போவது அடுத்தது. அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே அதிகாரம் இன்னொரு பெண்ணின் மேல்தான் என்றால், அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது வட்டாரப் பேச்சு, வசவு, உறவுச்சொல் எல்லாம் மழுங்கியிருக்கும். 'அடங்கிய குரல்' என்று எழுதுமுன் அது பாத்திரத்தின் குரலா, மொழிபெயர்ப்பின் குரலா என்று யோசியுங்கள்.

ஸ்பிவாக்கைத் தவறாக மேற்கோள் காட்டுவது எல்லாவற்றிலும் பரவலான தவறு. விளிம்புநிலைப் பெண்ணால் பேச முடியாது என்று அந்த 1988-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் சொன்னதற்கு, அவளுக்கு வாயில்லை என்று பொருள் இல்லை. அவர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். 1926-இல் கல்கத்தாவில் புவனேஸ்வரி பாதுரி என்ற இளம்பெண் தூக்கில் தொங்கினாள். விடுதலைக்கான ஆயுதக் குழு ஒன்றில் அவள் இருந்தாள், ஒப்படைத்த கொலையைச் செய்ய முடியாமல் போனது. கள்ள உறவில் கர்ப்பம் என்று ஊர் பேசக் கூடாதே என்று மாதவிலக்கு வரும்வரை காத்திருந்து உயிரை விட்டாள். உடலையே கடிதமாக்கி விட்டுச் சென்றாள். அப்படியும் பின்னாளில் குடும்பத்துப் பெண்களே அதைக் காதல் விவகாரமாகத்தான் நினைவு வைத்திருந்தார்கள். அவள் பேசினாள். பேசியதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளும் காது இல்லை.

எழுதத் தொடங்கும்போது ஒரு பத்தி போதும். 'இந்நாவல் ஆப்பிரிக்கப் பெண்களின் அவலத்தைச் சித்தரிக்கிறது' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, அது எந்த நாவலுக்கும் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்: 'பள்ளிக் கட்டணத்தை நூ ஈகோ கட்டுகிறாள், ஆனால் கட்டியவர் கணவர் என்கிறாள். உழைப்பை அவளிடமும் உரிமையை அவனிடமும் வைக்கும் மரபு இந்தப் பதிலில் தெரிகிறது. அந்தப் பதிலை அறியாமையாக மட்டும் பதிவு செய்யும் காலனி நீதிமன்றத்துக்கு அவள் உழைப்பு கண்ணில் படவில்லை.' முதலில் காட்சி, பிறகு அதில் ஒரு சொல் அல்லது செயல், பிறகு அதிகாரம் எந்தப் பக்கம் பாய்கிறது. மூன்று வாக்கியம்.

அதே நாவலின் கடைசிப் பக்கம் பயிற்சிக்கு நல்லது. பிள்ளைகளே வாழ்க்கை என்று இருந்த நூ ஈகோ, பக்கத்தில் ஒரு பிள்ளைகூட இல்லாமல் சாலையோரத்தில் இறந்துபோகிறாள். வெளிநாட்டிலிருந்து மகன்கள் வந்து ஊர் மெச்ச ஈமச்சடங்கு செய்கிறார்கள். பிள்ளையில்லாத பேத்திகள் வேண்டிக்கொள்ள அவள் பெயரில் ஒரு கோயிலும் எழும்புகிறது. எத்தனை பேர் வந்து கேட்டும் அவள் பிள்ளை வரம் கொடுப்பதில்லை. செத்த பிறகும் இவள் பொல்லாதவள் என்று ஊர் பேசிக்கொள்கிறது. பெயர், பேச்சு, பணம், உடல் என்று அந்தப் பக்கத்தில் குறித்துவிட்டு, வரம் தராதது எதை மறுக்கிறது, அது மறுப்புதானா என்று எழுதிப் பாருங்கள்.